ஆறு கேலன் பச்சை

போன மாதம் எங்கள் ஊரில், பண்டார் ஹிலிர் பகுதியில் புதிதாகத் திறந்த சமையலறைக் கண்காட்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற குதிரை பந்தயத் திடலை எட்டிப் பார்ப்பதுபோல ஒரு ஆசை. நானும் ஒரு காலத்தில் சமையலறை அமைத்துக் கொடுத்தவன் என்றதும், அங்கே வேலை செய்கிற பெண் கணினியைத் தட்டினாள். திரையில் ஒரு சமையலறை வந்தது. இன்னொரு தட்டு, சுவர் மஞ்சளானது. இன்னொரு தட்டு, நீலமானது.

"அங்கிள், உங்க காலத்துல இதெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?"

"ஒரு பீங்கான் தட்டும் கொஞ்சம் மஞ்சள்தூளும் வச்சுக்கிட்டு" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, அவர்கள் விற்பனையாளர்களுக்காக நடத்தும் செய்திமடலுக்கு எழுதித் தரச் சொன்னாள். "நீங்க அமைச்சதுலயே மறக்க முடியாத கிச்சன் எது? அதை எழுதுங்க அங்கிள்."

மறக்க முடியாதது ஒன்று இருக்கிறது. காஜா பேராங்கில், மாரிமுத்து அண்ணன் வீட்டுச் சமையலறை. அதை அவள் நினைத்த மாதிரி எழுத முடியாது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவன். அப்பா என்னை ஆசிரியராகப் பார்க்க விரும்பினார். நான் சாயக்கடையில் சேர்ந்தேன். சாயக்கடை என்று அப்பாதான் சொல்வார். உண்மையில் அந்தக் கடையின் ஒரு பக்கம் பெயிண்ட், மறுபக்கம் மண்ணெண்ணெய் அடுப்பு, மின்சார அடுப்பு, குளிர்ப்பெட்டி. முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்றுதான் அழைப்போம். மாதத்துக்கு ஒருமுறை வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடிவிட்டுப் போவார். கடையை நடத்தியவர் மேலாளர் வைத்திலிங்கம் சார், யாழ்ப்பாணத்துக்காரர். முதல் ஆறு மாதம் எனக்கு டின் திறக்கக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஒரு வருஷம் கலக்கக் கற்றுக்கொடுத்தார். அவ்வளவுதான் என் பயிற்சி.

கலப்பது என்றால் இப்போதுபோல இயந்திரம் கிடையாது. வெள்ளைப் பெயிண்டில் சாயத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டு, மூங்கில் குச்சியால் அடிவரை துழாவ வேண்டும். ஒரு பலகையில் பூசிக் காய விட வேண்டும். காயும்போது நிறம் மாறும். ஈரத்தில் நிறம் சொன்னவனை வைத்திலிங்கம் சார் மன்னிக்கவே மாட்டார்.

அவர் எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பெயிண்ட் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றும் அதில் ஒரு புள்ளி விழுந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவார். அதைப் பார்த்தாலே நான் பின்கட்டுக்குப் போய் டின்களை அடுக்கத் தொடங்கிவிடுவேன்.

யாராவது சமையலறைக்கு நிறமும் அடுப்பும் கேட்டு வந்தால் அவர் கடையில் எதையும் விற்க மாட்டார். முதலில் வீட்டுக்குப் போக வேண்டும். சமைக்கிற நேரத்தில்தான் போக வேண்டும். கையில் 'அடுக்களைத் தாள்' என்று அவரே தயாரித்த ஒரு தாள். அதில் பதினொரு கேள்விகள். முதல் கேள்வி, சமைப்பவர் யார்? வீட்டுக்காரர் யார் என்று அதில் எங்குமே இல்லை. பிறகு, நின்று சமைக்கிறாரா, உட்கார்ந்தா? முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? வெளிச்சம் எந்தப் பக்கம்? இப்படிப் போகும்.

பத்தாவதுதான் தட்டுச் சோதனை. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு கருப்பட்டி, கொஞ்சம் பச்சரிசி. அதை அடுப்பு வரப்போகிற இடத்தில் வைத்து, சுற்றிலும் புது நிறம் பூசிய பலகைகளை நிறுத்திப் பார்க்க வேண்டும். நாலு பொருளும் அதனதன் நிறத்தில் தெரிந்தால் சரி. ஒன்று செத்துப்போய்த் தெரிந்தாலும் அந்த நிறம் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. ராஜா வீட்டுக்கு விருப்பமான நிறமாக இருந்தாலும் சரி.

பதினொன்றாவது கேள்வி, நிறம் யார் விருப்பம்?

ஒருமுறை தெங்கேராவில், மலாய் பேசும் பழைய சீனக் குடும்பமான ஒரு பாபா வீட்டில், சமையலைப் பார்க்கப் போன நான் அவர்கள் கொடுத்த பலகாரத்தில் மயங்கி அளவெடுக்க மறந்துவிட்டேன். "நீர் சாப்பிடப் போனனீரோ, அளக்கப் போனனீரோ?" என்று கேட்டு மறுபடி அனுப்பினார். அந்த வீட்டு அம்மா அடுத்த நாள் கடைக்கே வந்து, புது அடுப்பில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். வறுத்தார். பக்கத்துத் துணிக்கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வைத்திலிங்கம் சார் அசையவில்லை. "வாங்கிறவ சமைச்சுப் பார்க்கிறா. உமக்கு என்ன?" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். அடுப்பு விற்றது. துணிக்கடையில் அன்று ஒன்றும் விற்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் கற்றுக்கொண்டவன்தான் நான். அதனால் அடுத்து நான் செய்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

சுதந்திரம் வரப்போகிற வருஷம், ஐம்பத்தேழு. வைத்திலிங்கம் சார் பத்து நாள் சிங்கப்பூர் போயிருந்தார். கடையை என்னிடம் விட்டுப் போனார். அந்தப் பெருமையில் நான் தரையில் நிற்கவில்லை. ஒரு தனியார் மருந்தகத்திலிருந்து ஆறு கேலன் பச்சை கேட்டு வந்தார்கள். துவைத்துத் துவைத்து வெளுத்த மாதிரி இளம் பச்சை. நான் வாடிக்கையாளர் ஒருவரிடம் சிங்கப்பூர் அரசியலைப் பற்றிப் பேசிக்கொண்டே கலந்தேன். தேக்கரண்டியால் விட வேண்டிய சாயத்தை அவுன்ஸ் குவளையால் விட்டேன். ஆறு கேலனும் மழைக்காலத் தவளை நிறத்தில் வந்து நின்றது.

மருந்தகத்து ஆள் டின்னைத் திறந்து பார்த்தார். "தம்பி, எங்ககிட்ட வர்றவங்க ஏற்கனவே வாந்தி எடுத்துக்கிட்டுத்தான் வர்றாங்க" என்று சொல்லி மூடிவிட்டார்.

அவருக்கு வேறு கலந்து கொடுத்தேன். தவளைப் பச்சையைச் சாக்குக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இன்னும் ஆறு நாளில் மேலாளர் வருவார், சாக்கைத் தூக்குவார், குடையைக் கை மாற்றுவார். அதோடு என் வேலை போகும் என்று நான் நம்பினேன். நம்பியது சரியா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் மாரிமுத்து அண்ணன் கடைக்குள் வந்தார். பஸ் கம்பெனியில் நேரக் காப்பாளர். எதையும் நின்று பேசத் தெரியாத மனிதர், பேசிக்கொண்டே நடப்பார்.

"தம்பி, எனக்குக் கிச்சன் முழுக்கப் புதுசா வேணும்லா. நாடே புதுசாகுது, என் வீட்டு அடுப்பு மட்டும் பழசா இருக்கலாமா?"

"என்ன நிறம்ணே வேணும்?"

"அதை நீ சொல்லு. நீ படிச்சவன். இப்ப வெள்ளைக்காரன் ஊர்ல என்ன அடிக்கிறான்?"

"பச்சை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்கே தெரிந்தது.

வீட்டுக்குப் போனேன். அதையாவது செய்தேன். ஆனால் போனது மாலை நான்கு மணிக்கு, சமையல் முடிந்து அடுப்பு ஆறிக் கிடந்த நேரத்துக்கு. அண்ணன் என்னைக் கூடத்தில் உட்கார வைத்துக் குளிர்ப்பெட்டியை எங்கே வைப்பது என்று விளக்கினார். கூடத்திலேயே, வாசலுக்கு நேராக. வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? அவர் மனைவி காமாட்சியக்கா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி குடிக்க நான் கூடத்துக்கு வரணுமா?" என்றார் அக்கா.

"ஆமா. நடந்தா உடம்புக்கு நல்லது."

"அப்ப நீங்க நடந்து எனக்கு எடுத்துக் கொடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நிறம் எதுனாலும் சரி. பலகாரம் பலகாரமாத் தெரியணும். எனக்கு அவ்வளவுதான்."

அது சாதாரணப் பேச்சு அல்ல. காமாட்சியக்கா அதிரசம் சுட்டு வீட்டிலிருந்தே விற்பவர். காஜா பேராங்கில் அவருடைய அதிரசத்துக்குச் செட்டிமார் வீடுகளிலிருந்தும் ஆள் வருவார்கள். சுதந்திர விழாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு அதிரசம் சுட்டுத் தரச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்டிருந்தார். அது நன்றாக அமைந்தால் அடுத்த தவணையிலிருந்து பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு. அதை நம்பித்தான் புதுச் சமையலறையே. இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார், கண்ணில் வெளிச்சத்தோடு. "முந்நூறு பிள்ளைங்க தம்பி. ஒன்னுகூட முறைச்சுப் பார்க்கக் கூடாது."

"எல்லாம் நல்லாத் தெரியும்க்கா" என்றேன்.

"அடுப்பை ஜன்னல் பக்கம் வைக்கலாமா?"

மின்சார இணைப்பு எதிர்ச்சுவரில் இருந்தது. அதை மாற்ற இரண்டு நாள் ஆகும். எனக்கு அதற்குள் பச்சை தீர வேண்டும். "கேட்டலாக்கில் இப்படித்தான்க்கா போட்டிருக்கு" என்றேன்.

தட்டைக் கொண்டுபோகவே இல்லை. தாளைக் கடைக்கு வந்து நிரப்பினேன். முழங்கை உயரத்தைக்கூட நினைவிலிருந்து எழுதினேன். பத்தாவது கேள்விக்கு நேராக 'திருப்தி' என்று எழுதினேன். பதினொன்றாவதில், நிறம் யார் விருப்பம் என்பதற்கு, 'வீட்டுக்காரி' என்று எழுதினேன். என் கையெழுத்து அந்தக் காலத்தில் அழகாக இருக்கும்.

ஆறு கேலன் என்பது ஒரு சமையலறைக்குள் அடங்குகிற பெயிண்ட் அல்ல. பெயிண்டர், ஒரு சீனர், சுவருக்கு மூன்று பூச்சு அடித்துவிட்டு வந்து கேட்டார், "மிச்சம் இருக்கு. எங்கே அடிக்க?"

"கூரைக்கு."

அடித்தார். "இன்னும் இருக்கு."

"அலமாரிக்கு. கதவுக்கு. குளியலறைக்கு."

"இன்னும் இருக்கு."

"கண்ணில் படுகிற எல்லாத்துக்கும்!"

அவர் சொன்ன சொல் தட்டாதவர். கொல்லைக் கதவு, துணி துவைக்கும் கல்லைச் சுற்றியிருந்த தடுப்பு, வேலிக் கம்பங்கள், கோழிக்கூடு, தேங்காய் துருவியின் மரப்பலகை. சேவல் ஒன்று ஈரக் கூட்டில் உரசி, ஒரு பக்கச் சிறகு பச்சையாக இரண்டு வாரம் திரிந்தது. மாரிமுத்து அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "தம்பி கை தாராளம்லா! கேட்காததையும் அடிச்சுக் கொடுத்திருக்கான்!"

வைத்திலிங்கம் சார் திரும்பி வந்தபோது சாக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. என் பிரச்சினை தீர்ந்தது. காமாட்சியக்காவின் பிரச்சினை அப்போதுதான் தொடங்கியது.

விழாவுக்கு முந்தைய நாள் காலை. மாரிமுத்து அண்ணன் கடைக்கு வந்து, புதுச் சமையலறையில் முதல் பெரிய வேலை நடக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்து பார்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக எங்களை அழைத்துப் போனார். வழியெல்லாம் பேசினார். நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.

வைத்திலிங்கம் சார் சமையலறை வாசலில் நின்றார். சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கோழிக்கூட்டைப் பார்த்தார். குடை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியது.

அக்கா அடுப்பின் முன்னால் நின்றிருந்தார், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் மூங்கில் தட்டுகளில் சுட்ட அதிரசங்கள் அடுக்கடுக்காக. முகம் வாடியிருந்தது.

"வாங்க சார். தம்பி, உனக்கு ஒன்னு சொல்லணும். எனக்குக் கை மறந்துபோச்சுன்னு நினைக்கிறேன்." ஒன்றைப் பிட்டுக் காட்டினார். நடுவில் மாவு பசைபோல ஒட்டியது. "சிவந்தாச்சுன்னு எடுக்கிறேன். பிட்டா வேகல. இருபது வருஷமாச் சுடுறேன். இன்னைக்குப் பார்த்து எனக்கு என்ன வந்துச்சு?"

நான் அப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். "புது அடுப்புக்கா, பழகணும்" என்றேன்.

வைத்திலிங்கம் சார் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, ஒரு வெள்ளைப் பீங்கான் தாங்கோ" என்றார். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு அதிரசத்தைத் தட்டில் வைத்தார். "இப்ப இது என்ன நிறம்?"

"நல்லாச் சிவந்திருக்கு சார்."

"வெளியில வாங்கோ."

கொல்லையில் வெயில் அடித்தது. அவர் தட்டை நீட்டினார். அதிரசம் வெளிறிப்போய், பாதி வெந்த ரொட்டிபோல இருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். உள்ளே போய் அதே தட்டைப் பார்த்தார். மறுபடி வெளியே வந்தார்.

"அடியாத்தி" என்றார்.

"உங்கட கை மறக்கேல்லை அம்மா. சுத்திவரப் பச்சை. அந்த வெளிச்சத்தில பொன்னிறமெல்லாம் பழுப்பாத்தான் தெரியும். சுவர் பொய் சொல்லுது." பிறகு திரும்பினார். "இந்தப் பச்சையை ஆர் தெரிஞ்செடுத்தது?"

மாரிமுத்து அண்ணன் அந்த நேரம் பார்த்து எங்களுக்குக் காப்பி வாங்கிவர ஓடியிருந்தார். கொல்லையில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பச்சைச் சேவலும்தான்.

"அக்காதான் சார் கேட்டாங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஆமா சார்" என்றார். "நான்தான் கேட்டேன். எனக்குப் பச்சைன்னா ரொம்பப் பிடிக்கும்."

"கோழிக்கூட்டுக்குமோ?"

"கோழிக்கும் பிடிக்கும் சார்."

"ஓம்" என்றார் வைத்திலிங்கம் சார். குடையை வேலியில் மாட்டினார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி, குந்தி உட்கார்ந்து அடுப்பை ஊதினார். அந்தச் சட்டையில் கரி விழுந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மிச்சமிருந்த மாவை அக்கா திறந்த வெளியில் விறகடுப்பில் சுட்டார். ஒவ்வொன்றும் பொன்னாக எழுந்து வந்தது. நான் விறகு தள்ளினேன். எனக்கும் ஒன்று தின்னக் கொடுத்தார். தின்றேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வேகாதவை நூற்றிருபது. மறுபடி எண்ணெயில் போட்டால் கல்லாகிவிடும். அதிரச மாவு பக்குவப்பட நாள் வேண்டும், புதிதாகப் பிசைய நேரமில்லை. விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு முழுசு, பெரிய பிள்ளைகளுக்குப் பாதி என்று பிட்டுக் கொடுத்தார்கள். கொடி ஏறியது, எல்லாரும் கைதட்டினார்கள். நான் பள்ளி வேலிக்கு வெளியே நின்று பாதி அதிரசம் வாங்கிய பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூறு தருவதாகச் சொல்லிவிட்டுத் தராதவருக்குச் சிற்றுண்டிச்சாலையை எப்படிக் கொடுப்பது என்று தலைமையாசிரியர் தயங்கினார். அது வேறொருவருக்குப் போனது.

காமாட்சியக்கா அதன் பிறகு கொல்லையில் கல் கூட்டியே பலகாரம் சுட்டார். மழை வந்தால் வியாபாரம் இல்லை. அக்கம்பக்கத்தார் பச்சை வீடு என்று கேலி செய்தபோதெல்லாம், "நானே கேட்டு அடிச்சது" என்று சொன்னாராம். மாரிமுத்து அண்ணன் கடைக்கு வந்து இதைப் பெருமையாகச் சொல்வார். "அவளுக்கு இவ்வளவு ரசனை இருக்குன்னு எனக்கே தெரியாதுலா!" தன்னிடம் பச்சை என்று சொன்னது நான் என்பதையே அவர் மறந்திருந்தார்; உண்மை அவருக்குக் கடைசிவரை தெரியாது.

வைத்திலிங்கம் சார் நாலு வருஷம் கழித்து ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். கடைசி நாளன்று மேசையைக் காலி செய்யும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். தவளைப் பச்சை, அவுன்ஸ் குவளை, சாக்கு, எல்லாம். அவர் பென்சில்களை நூலால் கட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார். "அண்டைக்கே தெரியும். கோழிக்கூட்டுக்குப் பச்சை கேட்ட பொம்பிளையை நான் என்ரை சீவியத்தில காணேல்லை."

"அப்போ ஏன் சார் என்னைக் கேட்கல?"

"அந்த மனுசி உமக்காகப் பொய் சொன்னவ. அவவின்ரை பொய்யை நான் உடைக்கேலாது. நீர்தான் போய் உடைக்கோணும்." இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். காஜா பேராங் வீட்டு அடுக்களைத் தாள். "இதைத் திருத்தி வையும்."

போகவில்லை. பல தடவை புறப்பட்டேன். ஒருமுறை வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கேலனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் வீட்டுச் சந்துவரை போனேன். வேலிக்கு மேலே அடுப்புப் புகை தெரிந்தது. டயரில் காற்று குறைவாக இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது பாசாரில். தலை நரைத்திருந்தது. கூடவே மருமகள். மகனோடு கோலாலம்பூருக்குக் குடிபோகிறோம், வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம் என்றார். பிறகு மருமகளிடம் என்னைக் காட்டினார்.

"இந்தத் தம்பிதான் நம்ம கிச்சனுக்குப் பச்சை எடுத்துக் கொடுத்தவரு" என்றார். சட்டென்று நிறுத்தினார். சிரித்தார். "இல்லலா, மறந்துட்டேன். நான்தான் கேட்டேன். இவரு அடிச்சுக் கொடுத்தாரு. அப்படித்தானே தம்பி?"

பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவர் அந்தப் பொய்யை இன்னும் எனக்காகத் தூக்கிக்கொண்டு நின்றார், கையில் கீரைக்கட்டோடு. என் வேலை போகும் என்ற பயம் அப்போது இல்லை. கடையே என் பொறுப்பில் இருந்தது. வாயைத் திறக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"ஆமாக்கா" என்றேன்.

தலையாட்டிவிட்டு மீன் பக்கம் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. இப்போது இருந்தால் வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும்.

செய்திமடல் வாசிக்கிற இளைஞர்களே, உங்கள் திரை நன்றாக இருக்கிறது. அதில் தெரிகிற சமையலறையில் யாரும் சமைக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் குறை. ஒரு தட்டு எடுத்துக்கொண்டு, சமைக்கிற நேரத்தில், வீட்டுக்குப் போங்கள். சமைப்பவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதை எழுதுவதற்காக எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். ஓரம் பழுப்பேறிவிட்டது, மை மங்கவில்லை. பதினொன்றாவது கேள்வி, நிறம் யார் விருப்பம்? 'வீட்டுக்காரி' என்று என் அழகான கையெழுத்து. இப்போது கிழவனின் கை. கோடு நேராக வரவில்லை. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'நான்' என்று எழுதியிருக்கிறேன்.